வடக்குத் தெருவில் ஒரு காகிதப் பிணம்

1

இன்று நான் செத்த நாள்.

காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு, மகள் நித்யாவை அவள் கோடை விடுமுறையில் வேலை பார்க்கிற ஐஸ்கிரீம் கடை வாசலில் இறக்கிவிட்டேன். "பை மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். இன்று எனக்கு என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும், சொல்லியிருக்கிறேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கனடாவில் வளர்கிற பிள்ளைகளுக்கு அம்மாவின் சாவைவிட அம்மா பேசுகிற ஆங்கிலம்தான் பெரிய அவமானமாக இருக்கிறது. கடைக்குள் வராதே, கார் கண்ணாடியைக்கூட இறக்காதே என்று போன வாரமே கட்டளை போட்டுவிட்டாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். என் அப்பா திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். பரம்பரை வேலை. பங்காளிகள் முறை வைத்துக்கொண்டு சமைப்பார்கள். ஆடிக் கிருத்திகை முறை எங்கள் வீட்டுக்கு. காவடிக் கூட்டம் மலையை மறைக்கிற அந்த நாளில் சாமிக்கு நைவேத்தியம் தன் கையால் போவதுதான் அப்பாவுக்கு உலகத்திலேயே பெரிய கௌரவம். பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கிருத்திகைக்குக் கோயிலில் சீரியல் விளக்குப் போட வந்தவர் சேகர். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் கூலிக்கு நடவு நட்டு அறுப்பு அறுக்கிறவர்கள். அடுத்த வருடம் ஆனி மாதம் அவரைக் கட்டிக்கொண்டேன். மலைமேல் இருக்கிற சாமியே வேடர் வீட்டுப் பெண்ணைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டவர்தான். அவருக்கு வருடா வருடம் கல்யாண உற்சவம் நடத்துகிறார்கள். எனக்குக் கருமாதி நடத்தினார்கள்.

நிஜமாகவே நடத்தினார்கள். ஆள் தொலைந்து, உடலும் கிடைக்கவில்லை என்றால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதையே பிணமாக வைத்துக் கொளுத்துகிற வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அப்பா சாஸ்திரிகளிடம் போய், "பொண்ணு காணாமப் போயிட்டா, வரமாட்டா" என்று சொன்னாராம். நான் பக்கத்திலேயே கண்டிகையில் உட்கார்ந்து களி கிண்டக் கற்றுக்கொண்டிருந்தேன். சாஸ்திரிகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தலையாட்டினார். அப்பாவே தர்ப்பையை முடிந்து கை, கால், தலை வைத்து என்னைச் செய்தாராம். அதையும் கிருத்திகை முடிந்த பிறகுதான் வைத்துக்கொண்டார். முன்னால் வைத்தால் தீட்டு வந்து முறை போய்விடும் அல்லவா!

எங்கள் குடும்பத்தில் புல்லிலும் நாரிலும் உருவம் செய்கிற வேலையை நான் ஆரம்பிக்கவில்லை என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2

கருமாதிச் செய்தியை என்னிடம் சொன்னவள் நாத்தனார் குமாரி. மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள். ஊர்ச் சேதி எதுவும் அவள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அண்ணி, உங்க நைனா உனுக்குக் காரியம் பண்ட்டாராம். ஊரே பேசிக்கினு கீது."

அன்றைக்குச் சிரித்துவிட்டேன், அதைச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வயது, பக்கத்தில் சேகர். போனால் போகட்டும் என்று தோன்றியது. சேகர் துபாய் போய், பிறகு நாங்கள் இந்த ஹாமில்டனுக்கு வந்து சேர்ந்தோம். இமிக்ரேஷன் நேர்காணலில் ஒரு அம்மாள், "உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டாள். "அவர்கள் இருக்கிறார்கள், நான்தான் இறந்துவிட்டேன்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று சேகரைப் பார்த்துக் கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சேகர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அம்மா என்னோடு பேசியதில்லை. பேச விடவில்லை. ஆனால் குமாரி கடைக்குத்தான் பூவுக்கு வருவாள். என் பேரைச் சொல்ல மாட்டாள். ஒரு முழம் கூடுதலாக வாங்கி, "இத நீயே வெச்சுக்கோடியம்மா" என்று குமாரியிடமே கொடுத்துவிட்டுப் போவாளாம். குமாரி ஒவ்வொரு தடவையும் போனில் அதைச் சொல்வாள். அந்த ஒரு முழத்தை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் இந்த ஊரில் பனி அள்ளினேன்.

ஒரு மார்ச் மாதம் குமாரி சொன்னாள்: "உங்கம்மா ரொம்ப நாளா பூவுக்கு வரல அண்ணி. இன்னிக்கிதான் தெரிஞ்சிச்சி. போய்ச் சேந்துட்டாங்களாம். மாசம் ஒண்ணு ஆவுதாம்."

குமாரி அழுதுகொண்டே மீதியையும் சொன்னாள். அப்பாவை வழியில் பார்த்து, அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி என்று கேட்டிருக்கிறாள்.

"செத்தவளுக்குச் சேதி எதுக்குன்னுட்டுப் போய்க்கினே இருக்காரு அண்ணி. நின்னுகூடப் பேசல."

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. என்னைக் கொளுத்தினீர்கள், சரி. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற உரிமையையும் சேர்த்தா கொளுத்தினீர்கள்? மனுஷர்தானா நீங்கள்? சேகர், "இன்னாத்துக்கு ராஜி, உட்டுத் தள்ளு" என்றார். அவருக்கு யார் மேலும் கோபம் வராது. எனக்கு வரும். சும்மா விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

3

எங்கள் பேட்டை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கையால் காகிதம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்தேன். இழப்பைச் சந்தித்தவர்கள் வரலாம், காகிதத்திலும் நாரிலும் தங்கள் துக்கத்துக்கு உருவம் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. உருவம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

நடத்துகிறவள் மார்கரெட். நல்லவள், மெல்லப் பேசுவாள். முதல் நாள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, யாருக்காகச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஒருத்தி கணவனை இழந்தவள், பறவைக் கூடு செய்யப்போவதாகச் சொன்னாள். ஒரு கிழவர் தன் நாய்க்காகப் படகு செய்யப்போகிறாராம். என் முறை வந்தது.

"எங்கப்பாவைப் பழிவாங்கச் செய்யப் போகிறேன்" என்றேன்.

மார்கரெட் எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாய்க்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஆனால் வேலையை நன்றாகவே கற்றுக்கொடுத்தாள். நாரைச் சலவைச் சோடா போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டும். வழுவழுப்புப் போகும்வரை அலச வேண்டும். பிறகு மரக்கட்டையால் அடி அடி என்று அடித்துக் கூழாக்க வேண்டும். கூழைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, வலை அடித்த சட்டத்தை உள்ளே விட்டுத் தூக்கினால் தண்ணீர் வடிந்து, சட்டத்தின் மேல் ஈரத் தாள் படிந்து நிற்கும். மடப்பள்ளிக்காரர் மகளுக்கு அண்டாவும் ஆவியும் புதுசா? அடிக்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிக்கும்போது யார் முகத்தை நினைத்துக்கொண்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்டில் இங்கே மக்காச்சோளம் மலிவு. தோகையைக் கடைக்காரனே சும்மா கொடுத்துவிடுவான். ஸ்கார்பரோவில் தமிழ்க் கடையில் உறையவைத்த வாழையிலை கிடைக்கும், அமாவாசைக்கென்று தர்ப்பைக் கட்டும் கிடைக்கும். மூன்றையும் சேர்த்து வேகவைத்தேன். வீடு முழுக்க ஊறிய வைக்கோல் நாற்றம். பக்கத்து வீட்டுக்காரி நகராட்சிக்குப் போன் போட்டு, ஒரு அதிகாரி வந்து என் அண்டாவை எட்டிப் பார்த்தான். சமையலா என்று கேட்டான். ஆமாம், எங்கள் ஊர்ப் பலகாரம், ஒரு வாய் சாப்பிடுகிறாயா என்றேன். அவசரமாகப் போய்விட்டான்.

4

அப்பா முடிந்த தர்ப்பை உருவத்துக்கு முகம் கிடையாது. அதனால்தான் கொளுத்த முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. என்னுடையதற்கு முகம் இருக்க வேண்டும், அப்பா குடியிருக்கிற வடக்குத் தெருவில் ஒருத்தரும் இது யார் என்று கேட்க முடியாத முகம்.

உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தரையில் படுத்தேன். ஈரத் தாளை என் மேல் அடுக்கடுக்காகப் படியவைக்க வேறு ஆள் வேண்டுமே. நித்யாவைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்தேன்.

"அம்மா, திஸ் இஸ் சோ க்ரீப்பி" என்றாள். ஆனால் அவள் கை என்னைவிட நிதானமாக வேலை செய்தது. கன்னத்தில் தாளை வைத்து, விரல் நுனியால் மெதுவாக அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினாள். அவள் என்னைத் தொட்டு எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு கையைப் பிடித்தால்கூட உதறுகிறவள்.

"தாத்தாவுக்கு என்னைத் தெரியுமா?"

வாயின் மேல் தாள் இருந்தது. பதில் சொன்னால் கிழியும். அவளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"செத்துப்போனவங்களுக்குக் குழந்தை பிறக்காது, இல்ல? அப்ப அவரோட கணக்குல நான் இல்லவே இல்ல" என்று அவளே சொல்லிக்கொண்டு, என் நெற்றியில் அடுத்த தாளை ஒட்டினாள். தாளுக்கு அடியில் எனக்குக் கண்ணீர் வந்து முகம் ஊறிவிட்டது. அந்த அச்சு பாழாகி, மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

காய்ந்ததும் தலை, உடல், கை, கால் என்று கூடு கூடாகக் கழன்று வந்தது. தேங்காய் நாரைத் திரித்து மூட்டு மூட்டாகக் கட்டினேன். என் கூந்தலை ஒட்ட வெட்டி அதன் தலைக்கு வைத்தேன். எடை ஒன்றுமே இல்லை. மார்கரெட் பார்த்துவிட்டு அழுதாள், நகரக் காட்சிக்கூடத்தில் வைக்கலாம், உன் துக்கம் இறங்கும் என்றாள். இது துக்கம் இறக்க இல்லை, விமானம் ஏற என்றேன்.

என் கணக்கு சுலபமானது. எங்கள் தெருவில் பிணம் கிடந்தால், அதை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. இறந்தவளின் அப்பாவுக்குத் தீட்டு, மலை ஏறக் கூடாது. அடுத்த வருட ஆடிக் கிருத்திகைக்கு முன்தினம் இதைக் கொண்டுபோய் அவர் வாசலில் கிடத்துவேன். பொம்மை என்றால், அன்றைக்கு அவர் எரித்ததும் பொம்மைதான், என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும். பிணம் என்றால் முறை போகும். இரண்டில் ஒன்று நடக்காமல் திரும்புவதில்லை என்று இருந்தேன்.

5

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியை நிறுத்தினார்.

"செடி, விதை எதுனா கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

திறந்தார். என் தலை அவரைப் பார்த்தது. இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இன்னாம்மா இது!"

"பொணம்ங்க."

"யாருது?"

"என்னுது."

அவர் அதன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் வந்து மாற்றி மாற்றிப் பார்த்தார். கலைப் பொருள் என்றால் ஒரு சட்டம், காகிதம் என்றால் ஒரு சட்டம், பிணம் என்றால் தனி அலுவலகமே இருக்கிறதாம். அரை மணி நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு, "எடுத்துக்கினு போயிடும்மா, வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தப் பெட்டியோடுதான் கனகம்மாசத்திரம் வழியாகப் பேருந்தில் போய்க் கண்டிகையில் இறங்கினேன்.

குமாரி திறந்து பார்த்துவிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி இது, உன்ன மாரியே கீது! வேணாம் அண்ணி. நல்ல நாளும் அதுவுமா."

"நான் இதை எதுக்குக் கொண்டுவந்தேன்னு உங்கண்ணன்கிட்டச் சொல்லாதே."

"ஆங், சொல்லல. ஆனா நானும் கூட வருவேன். உன்னத் தனியா வுடமாட்டேன்."

6

மறுநாள், கிருத்திகைக்கு முன்தினம், பால்காரர் வருகிற நேரத்துக்குக் குமாரியின் வீட்டுக்காரர் ஆட்டோவில் எங்களைத் தெருமுனையில் விட்டார். அப்பா வீட்டு வாசலில் பாய் விரித்து, தெற்கே தலை வைத்து அதைக் கிடத்தினேன். தலைமாட்டில் விளக்கு வைத்தேன்.

எதிர்வீட்டு மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தவள் பாயைப் பார்த்தாள்.

"ஐயையோ, யாருடி இது?"

"நான்தான் மாமி. ராஜி."

கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். முதலில் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் மீதியைக் கேட்டாள். அவ்வளவு பழக்கம். அது போதும், சேதி வீடு வீடாகப் போய்விட்டது. காபி இல்லாமல் தெருவே வாசலுக்கு வந்தது.

அப்பா ஈர வேஷ்டியோடு மலைக்குக் கிளம்பி வெளியே வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் சித்தப்பா மகன் சுந்தரத்தைப் பார்த்து, "என்னடா இது?" என்றார். அடுத்த முறைக்காரன் அவன்தான்.

"நீங்களே சொல்லுங்கோப்பா" என்றேன். "இது பொம்மையா, பொணமா? பொம்மைன்னா அன்னிக்கு நீங்க கொளுத்தினதும் பொம்மை. எம் பொண்ணு உசிரோட இருக்கான்னு இங்க நின்னு சொல்லணும். பொணம்னா உங்களுக்குத் தீட்டு. மலையேறப்படாது."

சாஸ்திரிகளைக் கூட்டிவந்தார்கள். "புல்லையும் காகிதத்தையும் போட்டாப் பொணம் ஆயிடாதும்மா. மந்திரம் சொல்லிச் செத்தவாளை அதுல ஆவாஹனம் பண்ணணும்" என்றார்.

"அதான் அப்பவே பண்ணிட்டேளே மாமா, இந்தப் பேருக்கு, இந்த நட்சத்திரத்துக்கு. ஒருத்திக்கு எத்தனை தரம் பண்ணுவேள்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். மாமி, "குழந்தைகளுக்குப் பால்கூடக் காய்ச்சலை, பொம்மைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள். சுந்தரம், "ஆமாண்ணா, சொல்லிட்டு ஏறு. இல்லேன்னா சீக்கிரம் சொல்லு, நான் குளிக்கணும்" என்றான்.

அப்பா பாய் அருகில் குந்தி உட்கார்ந்தார். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பாரேன் என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். அவர் அதன் கையை எடுத்து, விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கீழே வைத்தார்.

"பொணம்தான்" என்றார்.

முறையைக்கூட விடுவார், என்னை மட்டும் உயிரோடு விடமாட்டார். நான் இவ்வளவு தூரம் இதற்காகவா வந்தேன்? அவரை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

சுந்தரம் உடனே கணக்குப் போட்டான். "அப்பத் தீட்டு எத்தனை நாள்னு சொல்லு அண்ணா. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னாப் பத்து நாள்."

அப்பா எழுந்துகொள்ள முழங்காலில் கையை ஊன்றினார்.

"மூணு நாள்" என்றார்.

மூன்று நாள் என்பது கல்யாணமாகிப் போன மகளுக்கு. எனக்கு முன்னால் புரிந்துகொண்டவள் குமாரி. இனி இது புகுந்த வீட்டுப் பிணம், அவர்கள்தான் எடுக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆங், எங்கூட்டுதுதான் சாமி. நாங்க எடுத்துக்கினு போறோம்."

அப்பா உள்ளே போய் ஒரு புடவையைக் கொண்டுவந்தார். கடை மடிப்புக் கலையாத புதுப் புடவை, அரக்குக் கரை. பிறந்த வீட்டுக் கோடி. யார் எப்போது வாங்கி வைத்தது என்று சொல்லவில்லை. அதை உதறிக் காகிதத்தின் மேல் போர்த்தினார். உயிரோடு இருந்தவளுக்கு ஒரு ரவிக்கைத் துண்டு கொடுக்க மனசு வராதவர்! எனக்கு அந்தப் புடவையைப் பிடுங்கிக் கிழிக்கத்தான் தோன்றியது. செய்யவில்லை.

குமாரியும் அவள் வீட்டுக்காரரும் அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். சுந்தரம் குளித்துவிட்டு, மடித் துணியோடு மலைப்பக்கம் ஓடினான். வீடுகளில் அடுப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பா வாசல் தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். பிணம் போன வீட்டில் செய்கிற முழுக்கு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், ஆட்டோவில் ஏற ஒரு கால் வைத்து நின்ற என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"எப்போ வந்தே?" என்றார்.

ஊரிலிருந்து வந்த மகளை எந்த அப்பாவும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். தெருவே கேட்டது. மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். என் தொண்டை வரை வந்துவிட்டது. நேத்துதாம்ப்பா என்ற ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அவர் உள்ளே வா என்று சொல்லியிருப்பார், நானும் போயிருப்பேன். அம்மா இல்லாத வீட்டில் அம்மா கிடந்த இடத்தைப் பார்த்திருப்பேன்.

ஆட்டோவில் ஏறி, புடவை போர்த்தியதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகலாம் அண்ணா என்றேன்.

7

அது போன வருடம். இன்று காலை குமாரி போன் செய்தாள். இந்தக் கிருத்திகையில் அப்பாதான் சமைத்தாராம். உடம்பு தள்ளாடுகிறதாம்.

"வழியில என்னப் பாத்தா நிறுத்திடறாரு அண்ணி. அவ எப்ப வந்தா, சொல்லவே இல்லியேன்னு கேக்குறாரு. அதே கேள்விதான், பாக்குற போதெல்லாம். எனுக்கே பாவமா கீது. நான் எதுனா சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்லாதே" என்றேன். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.